காவிரிக்கு ஒரு பெருக்கல் போதாது

"தண்ணீர் எத்தனை சதவீதம் குறைகிறதோ அத்தனை சதவீதம் எல்லோருக்கும் குறைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே? இதில் என்ன சண்டை?" மழை பொய்க்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி வருகிறது. தஞ்சாவூர் டீக்கடையிலும் கேட்கிறது, தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறது. கணினி தெரிந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். இதற்குக் காவிரி மேலாண்மை ஆணையம் எதற்கு, ஒழுங்காற்றுக் குழு எதற்கு, நாலு வரி நிரல் போதுமே என்கிறார்கள். கறுப்புத் திரையில் மாதவாரி எண்களை வரிசையாகத் தட்ட வேண்டும், புதிய கூட்டுத்தொகையைச் சொல்ல வேண்டும், என்டர் அழுத்த வேண்டும். எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் சுருங்கி வந்து நிற்கும். கணக்குக்குக் கட்சி கிடையாது, மாநிலமும் கிடையாது என்பது அவர்கள் வாதம்.

இதை இளக்காரமாகப் பேச முடியாது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் தந்த இறுதித் தீர்ப்பே, பற்றாக்குறை ஆண்டில் மாநிலங்களின் பங்குகளை விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. பற்றாக்குறை வரும்போதெல்லாம் தமிழ்நாடு கேட்பதும் அந்த விகிதாசாரப் பங்கைத்தான். யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. அமைச்சருக்குத் தெரிந்தவருக்கு அதிகம், தெரியாதவருக்குக் குறைவு என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிக் காலம் கடத்துவதைவிட ஒரு பெருக்கல் மேல் என்று ஒரு விவசாயி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த நிரலை ஓட்டியும் பார்த்துவிட்டேன். நடுவர் மன்றம், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று சொன்னது ஆண்டுக்கு 192 டி.எம்.சி. ஜூனில் 10, ஜூலையில் 34, ஆகஸ்டில் 50, செப்டம்பரில் 40, அக்டோபரில் 22, நவம்பரில் 15, டிசம்பரில் 8, ஜனவரியில் 3, பிறகு பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் இந்த 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. ஜூன் முதல் ஜனவரி வரையிலான எட்டு எண்களின் கூட்டுத்தொகை 182. அதிலிருந்து 14.75 போனால் 167.25. நிரலிடம் எட்டு எண்களையும் 167.25-ஐயும் கொடுத்தால் 9.19, 31.24, 45.95, 36.76, 20.22, 13.78, 7.35, 2.76 என்று துப்புகிறது. இன்று காவிரி மேலாண்மை ஆணையம் கையில் வைத்திருக்கும் மாதவாரி அட்டவணையில் இருப்பவை இதே எண்கள்தான், கடைசி இலக்கம் வரை.

"பார்த்தீர்களா, உச்ச நீதிமன்றத் தீர்ப்பே நாலு வரி நிரலில் அடங்கிவிட்டது" என்று விகிதக்காரர்கள் குதிக்கலாம். குதிப்பதற்கு முன் அட்டவணையின் கடைசி நான்கு வரிகளைப் பார்க்கட்டும். பிப்ரவரி 2.5, மார்ச் 2.5, ஏப்ரல் 2.5, மே 2.5. 2007-லும் அதே எண்கள், 2018-லும் அதே எண்கள். என் மறுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1. பெருக்குவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த நான்கு மாதத்துப் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கான ஒதுக்கீடு. ஆறு முற்றாகக் காய்ந்துவிடக் கூடாது என்பதற்கானது. அதை வெட்டக் கூடாது என்று முடிவு செய்தவர்கள் அதை அடைப்புக்குறிக்கு வெளியே நிறுத்திவிட்டு மற்ற எட்டையும் பெருக்கினார்கள். சரியான முடிவுதான். ஆனால் அது கணக்கு எடுத்த முடிவன்று, மனிதர்கள் எடுத்தது. பன்னிரண்டு மாதங்களையும் சேர்த்துப் பெருக்கியிருந்தால் ஆகஸ்டுக்கு 46.16 வந்திருக்கும், நான்கு மாதப் பத்து 9.23 ஆகியிருக்கும். அதுவும் விகிதம், இதுவும் விகிதம். எது நியாயம் என்று நிரலைக் கேட்டால் விழிக்கும்.

கடும் பற்றாக்குறை ஆண்டுக்கு இதையே நீட்டிப் பாருங்கள். நாற்பது சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 177.25-ல் அறுபது சதவீதம் 106.35. எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருக்கினால் ஆகஸ்டுக்கு 27.57 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கான பத்தைத் தொடாமல் மீதியைப் பெருக்கினால் 26.47. வித்தியாசம் 1.1 டி.எம்.சி.தானே என்பார்கள். ஆகஸ்ட் முழுவதும் வினாடிக்கு 410 கன அடி அது. ஒரு கிளை வாய்க்காலின் உயிர் அதில் இருக்கிறது.

குடிநீரைச் சேருங்கள், இன்னும் சிக்கலாகும். 2018 தீர்ப்பு கர்நாடகத்துக்குக் கூட்டித் தந்த 14.75-ல் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. நாற்பது சதவீதம் வெட்டினால் அது 2.85 ஆக வேண்டும். எந்த நீதிமன்றமாவது, எந்த அரசாவது அதைச் செய்யுமா? செய்யாது, செய்யவும் கூடாது. நாமும் வீராணத்திலிருந்து சென்னைக்குப் போகும் தண்ணீரில் நாற்பது சதவீதத்தை நிறுத்தப் போவதில்லை. ஆக, இரு பக்கமும் குடிநீர் முழுசாக நிற்கிறது. அதன் பங்குக்கான வெட்டும் சேர்ந்து வயலின் தலையில் இறங்குகிறது. நாற்பது என்று அறிவிக்கப்பட்டது வயலுக்கு வரும்போது நாற்பதைத் தாண்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் எவ்வளவு என்று எந்த அறிக்கையும் தனி வரியாகச் சொல்வதில்லை. எல்லோருக்கும் சமமாக வெட்டினோம் என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் அது மறைந்துகொள்கிறது.

2. எதில் நாற்பது சதவீதம்?

பற்றாக்குறையை அளக்க எடுத்துக்கொள்வது கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீர்வரத்தை: ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, கிருஷ்ணராஜ சாகர். அதை முப்பது ஆண்டு சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் அப்படித்தான் பாதிக்கு மேல் பற்றாக்குறை என்ற எண் வந்தது. நான்கு அணைகளுக்கு மேலே ஏரிகளிலும் நீரேற்றுத் திட்டங்களிலும் எடுத்துக்கொண்ட தண்ணீர் இந்த எண்ணில் தெரியாது என்று நாம் சொல்கிறோம். உங்களுக்கு வரப்போகும் வடகிழக்குப் பருவமழை இதில் இல்லையே என்று அவர்கள் சொல்கிறார்கள். டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துத்தான் 2018-ல் நம் பங்கு குறைக்கப்பட்டது. மேலே உள்ள நிலத்தடி நீரை யார் அளந்தார்கள் என்பது நம் பக்கத்துக் கேள்வி. இதில் எந்தத் தரப்பு சரி என்று இங்கே வாதாட வரவில்லை. அடிப்படை எண்ணை நிர்ணயிப்பவர் விடையையும் நிர்ணயித்துவிடுகிறார் என்பதே என் வாதம். சண்டை முழுவதும் நடப்பது பெருக்கலுக்கு முந்தைய வரியில். அந்த வரியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டு, பார், பெருக்கலில் சண்டையே இல்லை என்று வியப்பது வேடிக்கை.

நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் 'விகிதாசாரப்படி' என்ற சொல் விழுந்ததும் தமிழ்நாடு எழுப்பிய முதல் கேள்வி, எதன் விகிதாசாரம் என்பதுதான். இன்றைய 543-ல் 39 என்பதா, மக்கள்தொகையா? அங்கே இவ்வளவு உஷாராக இருப்பவர்கள் தண்ணீரில் மட்டும் ஏன் அந்தச் சொல்லுக்குத் தலையாட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

3. பாதித் தண்ணீர் பாதி வயலில் பாயாது.

விகிதக்காரர்கள் யாரும் வாய்க்கால் கரையில் நின்று பார்த்ததில்லை என்று நான் சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான். தலைப்பில் 100 கன அடி விடும் ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் மணலும் வெடிப்பும் குடிப்பது, பேச்சுக்கு, 30 என்று வையுங்கள். கடைமடைக்கு 70 போகும். இப்போது பாதியாக்கி 50 விடுகிறோம். வாய்க்காலின் நீளம் அப்படியே இருக்கிறது, அடிமண்ணும் அதே மண்தான். குடிப்பு பாதியாகிவிடாது. 25 என்று வைத்தாலும் கடைசியில் போய்ச் சேருவது 25. எழுபதில் பாதி 35. பத்து கன அடி எங்கே போயிற்று என்று நிரலுக்குத் தெரியாது. கடைமடைக்காரனுக்குத் தெரியும்.

இது நீரின் அளவைப் பற்றியது மட்டும். மட்டம் அதைவிட முக்கியம். வாய்க்காலில் தண்ணீர் ஓர் உயரத்துக்கு ஏறினால்தான் பக்கத்து மதகில் பாயும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கும், வயலில் ஒரு சொட்டு ஏறாது. மேட்டு வயல்காரன் டீசல் என்ஜின் வைத்து இறைப்பான். அதற்கும் வழியில்லாதவன் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் பாதியானால் அவனுக்குக் கிடைப்பது பாதி இல்லை, பூஜ்யம்.

டெல்டாவுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியா? தண்ணீர் குறைந்த காலத்தில் இங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பாதிப் பாதி திறந்து இரண்டையும் இளைக்க விடுவதில்லை. முறை வைக்கிறார்கள். இத்தனை நாள் காவிரிக்கு, அடுத்த இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு. ஆறு நாள் முறை என்றால் அந்த ஆறு நாளும் அந்த ஆறு நிறைந்து ஓடும், மற்றது காத்திருக்கும். வெண்ணாற்றுத் தண்ணீர் தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்குப் பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாற்றுக்கும் கோரையாற்றுக்கும் பிரிந்து போகும்போது அங்கேயும் முறைதான். கிராமத்து வாய்க்காலிலும் அப்படியே: இன்று மேல்மடை, நாளை கடைமடை. ஷட்டரை எத்தனை திருகு தூக்க வேண்டும் என்று தெரிந்த லஸ்கரிடம் போய், எல்லாத் தலைப்பையும் நாற்பது சதவீதம் இறக்கிவிடு என்று சொன்னால், பைத்தியமா என்று கேட்பார்.

முறையும் ஒரு விகிதம்தானே என்று ஒரு பதில் வரும். உண்மைதான், நாளை விகிதப்படி பிரிக்கிறது. மட்டத்தைப் பிரிப்பதில்லை. எதைப் பிரிக்கலாம், எதைப் பிரித்தால் உதவாமல் போகும் என்று தெரிந்து செய்த பிரிவு அது. விகிதத்தை யார் எதிர்த்தார்கள்? எதைக் கண்டாலும் அதே எண்ணால் பெருக்கும் சோம்பலைத்தான் எதிர்க்கிறேன். மூன்று எண் தெரிந்தால் நாலாவதைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கற்றுக்கொடுத்த பாஸ்கராசாரியாரே, 12-ஆம் நூற்றாண்டின் லீலாவதியில், அது தலைகீழாகத் திரும்பும் இடங்களைத் தனியாகக் காட்டியிருக்கிறார். கருவியைக் கற்றுக்கொடுத்தவருக்கு அதன் எல்லை தெரிந்திருந்தது.

4. பயிருக்குச் சதவீதம் தெரியாது.

குறுவை நெல்லுக்கு 105 முதல் 115 நாள். அதில் கதிர் பொதி கட்டி, பூத்து, பால் பிடிக்கும் சில வாரங்கள்தான் விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. மற்ற நாட்களில் வயல் காயக் காயப் பாய்ச்சினால்கூடப் பயிர் தாங்கும். அந்த வாரங்களில் தாங்காது. நாற்பது சதவீதம் தண்ணீர் குறைந்தால் நாற்பது சதவீதம் நெல் குறையும் என்று நினைத்தால், அறுவடைக்கு வந்து கதிரைக் கையில் உருவிப் பார்க்க வேண்டும். பதர். ஆடு மாட்டுக்கு வைக்கோல் மிஞ்சும், அவ்வளவுதான். உழவு, விதை, நடவுக்கூலி, அடியுரம் எல்லாம் முழுசாகச் செலவான பிறகு வருவது அந்தப் பதர்.

சதவீதத்துக்கு வயலில் வேலையில்லை என்று அரசுக்கே தெரியும். பேரிடர் நிவாரண விதியை எடுத்துப் பாருங்கள். 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால்தான் இடுபொருள் நிவாரணம். 2023-ல் காய்ந்த குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். 30 சதவீதம் சேதமானவருக்கு விகிதப்படி கொஞ்சமாவது கொடுங்கள் என்றால், கிடையாது, விதி அப்படி. கொடுக்கும்போது வாசற்படி, எடுக்கும்போது விகிதம்! நட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால்தான் அது நட்டம் என்று ஏற்கும் அதே அரசுகள், தண்ணீருக்கும் ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே போனால் அது தண்ணீரே இல்லை என்பதை ஏற்க மறுப்பது எப்படி?

5. பெருக்கலைத் திரும்பச் செய்யலாம், நடவைத் திரும்பப் பெற முடியாது.

தண்ணீர் ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடிகிறது. பற்றாக்குறை எவ்வளவு என்பது முழுசாகத் தெரிவது ஆண்டு முடிந்த பிறகுதான். நடுவில் சில நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காற்றுக் குழு கூடி, அதுவரை வந்ததை வைத்து ஒரு சதவீதம் சொல்கிறது. 2023-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தது. சுமார் 5 லட்சம் ஏக்கரில் குறுவை. ஆகஸ்ட் கடைசியில், பதினைந்து நாளைக்கு வினாடிக்கு 5,000 கன அடி என்று உத்தரவு. பிறகு மீண்டும் அதே. செப்டம்பர் கடைசியில் 3,000. அக்டோபரில் மேட்டூர் மூடப்பட்டது. நடுவிலேயே எண் மாறியது. எண்ணை மாற்ற ஒரு தாள் போதும். ஜூனில் ஒரு சதவீதத்தை நம்பி நாற்றுவிட்டு ஜூலையில் நட்டவன், செப்டம்பரில் வேறு சதவீதம் வந்ததும் வயலில் ஒரு பகுதியைப் பிடுங்கித் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

எதிர்த் திசையிலும் இதே கோளாறு. 2018-ல் கர்நாடகத்தில் மழை கொட்டியது. மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆண்டுக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் நமக்கு உரியதைவிட மிக அதிகம் வந்த ஆண்டு அது. கொள்ளிடம் வழியே அது கடலுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தோம். அந்த மாதத்திலும் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்பவர்கள் அந்த ஆகஸ்டுக்கு விளக்கம் சொல்லட்டும். ஆகஸ்டில் வராத தண்ணீர் நவம்பரில் மழையோடு வந்தால் கணக்கில் வரவு, வயலில் அழுகல்.

6. கடைசி இலக்கம் யாருக்கு?

இது சிறிய விஷயம், சுருக்கமாகவே சொல்கிறேன். 2018 அட்டவணையின் எட்டு எண்களையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிக் கூட்டினால் அதிர்ஷ்டவசமாக 167.25 சரியாக வந்துவிடுகிறது. எப்போதும் வராது. பத்தை மூன்று சமபங்காக்கினால் 3.33 மூன்று முறை, கூட்டினால் 9.99. விடுபட்ட 0.01 யாருடையது? டி.எம்.சி.யில் 0.01 என்பது ஒரு கோடி கன அடி. ஏறக்குறைய 230 ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தலாம். ஒரு சிறிய கிராமத்தின் வயல் முழுவதும். அதை எந்த மாதத்தில், யார் கணக்கில் சேர்ப்பது என்றுகூட ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுக்கவே தேவையில்லாத கணக்கு என்று இதைத்தானே சொன்னார்கள்?

"அப்படியானால் மறுபடி பேரத்துக்குப் போகச் சொல்கிறீர்களா?" இதுதான் அவர்களின் கடைசி ஆயுதம், கனமானதும் கூட. விகிதத்தைக் கைவிட்டால் பலமுள்ளவன் எடுத்துக்கொள்வான், மேலே இருப்பவன் கையில்தான் மதகு என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். எது அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும், அடிப்படை எண் எது, எந்தத் தேதி வரை கணக்கெடுப்பது, எத்தனை தசமம். இவை எல்லாவற்றிலும் பேரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மூடிய அறைக்குள் நடந்து, வெளியே வரும்போது ஒரு சதவீதமாக வேஷம் போட்டு வருகிறது. பேரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. வேஷத்தைக் களையச் சொல்கிறேன்.

மேலே இருப்பவர்களோடு நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது என்பதற்காக நம் வீட்டுக்குள் செய்வதை மறைக்கவும் கூடாது. பிலிகுண்டுலுவில் விகிதத்தைக் கேட்டு வாதாடும் சென்னை, மேட்டூருக்குக் கீழே வந்ததும் இருக்கிற தண்ணீர் எத்தனை ஏக்கர் குறுவையைக் கதிர் வரை கொண்டுபோகும் என்பதை முன்கூட்டிச் சொல்வதே இல்லை. ஜூன் 12-ல் பூத்தூவித் திறந்துவிட்டு, பிறகு எல்லோர் வயலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காயவிடுகிறது. ஐந்து லட்சம் ஏக்கரில் அரைகுறையாக விடுவதைவிட, மூன்று லட்சம் ஏக்கருக்குத்தான் உறுதி, மற்றவர்கள் நேரடியாகச் சம்பாவுக்குப் போங்கள், அதற்கு இழப்பீடு இவ்வளவு என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். எந்த வாய்க்காலை விட்டுவிட்டோம் என்று ஊர் கேட்கும். சதவீதம் சொல்லிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சௌகரியத்துக்காகத்தான் அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் விகிதம் இத்தனை பிடித்திருக்கிறது.

அந்த நாலு வரி நிரலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெருக்குவதற்கு முன் அது மூன்று கேள்வி கேட்கட்டும். இந்த எண்களில் எதைத் தொடக் கூடாது? எந்த எண் எவ்வளவுக்குக் கீழே போனால் பூஜ்யத்துக்குச் சமம்? எந்தத் தேதிக்குப் பிறகு வந்தால் பயனில்லை? மூன்றுக்கும் பதில் தராவிட்டால் எண்ணைக் காட்டாமல் நிற்கட்டும். ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். அடுத்த பற்றாக்குறை ஆண்டில் ஆணையமும் தன் சதவீதத்தோடு இந்தப் பதில்களை, யார் எந்த வரிக்குச் சம்மதித்தார்கள் என்பதையும் சேர்த்து, ஒரே தாளில் வெளியிடட்டும். ஏக்கர் கணக்கை ஆணையம் சொல்லாது, அது சென்னையின் வேலை. அந்த எண் மே மாதக் கடைசிக்குள், நாற்றங்காலில் விதை விழுவதற்கு முன், ஒவ்வொரு தலைப்பின் பெயரோடும் வர வேண்டும்.